மார்ச் மாதமும் மாறும் பயிற்சியாளர்களும்

2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. தொலைக்காட்சிக்கு முன்னால் நானும், பன்னிரண்டு வயது மகனும், ஆறிப்போன பீட்சாவும். பர்டூ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்திடம் 63-58 என்று தோற்றிருந்தது. நியூ ஜெர்சியில் நம் ஊர்ப் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போகும் இடம் என்ற அளவில்தான் அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கூடைப்பந்து அணி இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

"அப்பா, கோச்சை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?" என்று கேட்டான் மகன்.

"தூக்கத்தான் வேணும்" என்றேன். அதோடு விட்டேனா? மறுநாள் காலை சிகாகோவில் இருக்கும் நண்பருக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். மேட் பெயிண்டர் என்கிற அந்தப் பயிற்சியாளரால் பர்டூவுக்கு ஒருநாளும் விடிவு வராது என்று எண் போட்டுக் காரணங்களை அடுக்கியிருந்தேன். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நான் எங்கே தப்புக் கணக்குப் போட்டேன் என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

1999 ஆகஸ்டில் மாணவனாக வெஸ்ட் லஃபாயெட்டில் வந்து இறங்கியபோது, கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஐந்து பேர். அதைத் தெரிந்துகொள்ளாமல் இண்டியானா மாநிலத்தில் காலம் தள்ள முடியாது. 1954இல் வெறும் 161 மாணவர்கள் படித்த மைலன் என்ற கிராமத்துப் பள்ளி மாநிலக் கோப்பையை வென்ற கதையை இங்கே இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள். டீக்கடையில் அரசியல் பேசுவதுபோல, முடிவெட்டும் கடையில் கூடைப்பந்து பேசுகிற மாநிலம் இது.

மூன்று வாரத் தேர்வு

கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் உண்டு. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஒவ்வோர் அணியும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடும். அவற்றிலிருந்து 68 அணிகள் தேசியப் போட்டிக்குத் தேர்வாகும். நாடு நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண் தரப்படும். முதல் எண் அணி பதினாறாம் எண் அணியோடு மோதும். தோற்றால் வீட்டுக்கு. கடைசியில் எஞ்சும் நான்கு அணிகளின் கட்டத்துக்கு ஃபைனல் ஃபோர் என்று பெயர். கோப்பையை வெல்லத் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ஜெயிக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. எந்த அணியோடு மோதினாலும் வெல்ல 80 சதவீத வாய்ப்புள்ள ஓர் அருமையான அணியை எடுத்துக்கொள்வோம். அது ஆறு ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு என்ன? 0.8ஐ ஆறு முறை பெருக்கினால் சுமார் 0.26 வரும். நாட்டிலேயே சிறந்த அணியாக இருந்தாலும் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் கோப்பை. மற்ற மூன்று வருடமும் ஏதோ ஒரு நாற்பது நிமிட ஆட்டத்தில் தோற்று, தலையைக் குனிந்துகொண்டு வர வேண்டியதுதான்.

2023 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்ற இந்தியா, நவம்பர் 19 அன்று அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் தோற்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே ராகுல் திராவிட் பயிற்சியில் 2024 ஜூனில் பார்படோஸில் இருபது ஓவர் உலகக் கோப்பை கிடைத்தது. இடையில் இருந்த ஏழு மாதத்தில் திராவிட் திடீரென்று புத்திசாலி ஆகிவிடவில்லை.

ஆனாலும் கல்லூரிப் பயிற்சியாளரின் வேலை நிலைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்த மூன்று வாரத்தை வைத்துத்தான். மார்ச் மாதம் போட்டி மாதம் மட்டுமல்ல, பயிற்சியாளர்கள் பெட்டி கட்டும் மாதமும்கூட.

வெற்றி யாருடையது?

இண்டியானாவின் வரலாற்றைப் புரட்டினால் வேடிக்கையான ஒரு விஷயம் தெரிகிறது. பயிற்சியாளர் மாறிய சூட்டோடு கிடைத்த பெரிய வெற்றிகள் பல, புதியவர் ஒருவரால் மட்டும் கிடைத்தவை அல்ல.

முதல் உதாரணம் 1979. டெரி ஹோட் ஊரில் உள்ள இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் பாப் கிங் உடல்நலம் குன்றவே, பருவம் தொடங்கும் முன் பொறுப்பு துணைப் பயிற்சியாளர் பில் ஹாட்ஜஸ் கைக்கு வந்தது. அவர் தலைமையில் அணி தொடர்ந்து 33 ஆட்டங்களை வென்றது. தோற்றது இறுதி ஆட்டத்தில் மட்டும், மேஜிக் ஜான்சன் ஆடிய மிச்சிகன் ஸ்டேட்டிடம், 75-64. அதிர்ஷ்டக்காரப் புதியவர் என்று தோன்றும். ஆனால் அந்த அணியின் உயிர் லாரி பேர்ட். 1974இல் பிளூமிங்டனில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூடத் தாங்காமல் ஊர் திரும்பி, நகராட்சி வேலை செய்துகொண்டிருந்த பையனை, வீடு தேடிப் போய்ப் பேசி அழைத்து வந்தவர் இதே ஹாட்ஜஸ்தான். அப்போது அவர் கிங்கின் உதவியாளர். அதாவது 1979இன் வெற்றிக்கு 1975இலேயே விதை போட்டாயிற்று. பேர்ட் போன பிறகு ஹாட்ஜஸ் மூன்று ஆண்டுகள்தான் தாக்குப்பிடித்தார்.

இரண்டாவது, பர்டூ பெண்கள் அணி. 1996இல் பயிற்சியாளர் லின் டன்னின் ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகம் நீட்டிக்கவில்லை. அடுத்து வந்த நெல் ஃபோர்ட்னர் ஓராண்டில் போய்விட்டார். 1997இல் கேரலின் பெக் வந்தார். அவரும் தொழில்முறை அணி ஒன்றுக்குப் போகப்போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஒரே ஓர் ஆண்டு கூடுதலாக இருந்தார். அந்த 1998-99 பருவத்தில் 34 வெற்றி, ஒரே தோல்வி, டியூக்கை 62-45 என்று வீழ்த்தித் தேசியக் கோப்பை. பெண்கள் கோப்பையை வென்ற முதல் கறுப்பினப் பெண் பயிற்சியாளர் பெக். நான் வந்து இறங்கிய ஆகஸ்டில் ஊரெங்கும் அந்தச் சுவரொட்டிகள்தான். அணியைத் தாங்கிய ஸ்டெஃபனி வைட்டும் உகாரி ஃபிக்ஸும் இறுதியாண்டு மாணவிகள். அவர்கள் 1995இல் சேர்ந்தது லின் டன்னிடம்! நான்கு ஆண்டில் மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்தும் அணி சிதறவில்லை என்றால், அதற்குக் காரணம் அந்தப் பெண்கள். டன் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 2012இல் இதே மாநிலத்தின் தொழில்முறை அணியான இண்டியானா ஃபீவருக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது உதாரணம்தான் மிகவும் சிக்கலானது.

பிளூமிங்டனும் வெஸ்ட் லஃபாயெட்டும்

இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1971 முதல் 29 ஆண்டுகள் கோலோச்சியவர் பாப் நைட். 1976, 1981, 1987 என மூன்று தேசியக் கோப்பைகள். 1976 அணி 32 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கூடவே பயங்கரமான கோபக்காரர். 1985இல் பர்டூவுக்கு எதிரான ஆட்டத்தில் நாற்காலியைத் தூக்கி மைதானத்தில் எறிந்த காட்சியை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். 2000 செப்டம்பரில் அவர் நீக்கப்பட்டது தோல்விக்காக அல்ல, நடத்தைக்காக. ஆனால் அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் அவர் அணி தேசியப் போட்டியில் ஒருமுறைகூட இரண்டாம் சுற்றைத் தாண்டியிருக்கவில்லை என்பதும் உண்மை.

துணைப் பயிற்சியாளர் மைக் டேவிஸ் பொறுப்பேற்றார். இரண்டாம் ஆண்டிலேயே, 2002இல், டியூக்கை 74-73 என்று வென்று, இறுதி ஆட்டம் வரை போய் மேரிலாண்டிடம் 64-52 என்று தோற்றார். ஊரே புல்லரித்தது. ஆடியவர்களில் பெரும்பாலோர் நைட் தேர்ந்தெடுத்த பிள்ளைகள். அவர்கள் படிப்பை முடித்துப் போனார்கள். 2004இல் வெற்றியைவிடத் தோல்விகள் அதிகம். 2006இல் டேவிஸ் விலகினார்.

பிறகு நடந்தது ஒரு நீண்ட நாற்காலி விளையாட்டு. கெல்வின் சாம்ப்சன் வந்தார். மாணவர்களை அழைக்கும் தொலைபேசி விதிகளை மீறிய புகாரில் 2008 பிப்ரவரியில் வெளியேறினார். டாம் க்ரீன் வந்தபோது பழைய அணியில் மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர். முதல் பருவத்தில் 6 வெற்றி, 25 தோல்வி. பொறுமையாகக் கட்டி எழுப்பி, 2013இல் முதல் தர எண்ணோடு தேசியப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். 2016இல் பர்டூவும் இருக்கிற 'பிக் டென்' கூட்டமைப்பின் பட்டமும் கிடைத்தது. 2017இல் வேலை போயிற்று! அடுத்து ஆர்ச்சி மில்லர். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தேசியப் போட்டியில் ஆடவில்லை. கொரோனா காரணமாக 2021இல் தேசியப் போட்டி முழுவதும் இண்டியானா மாநிலத்திலேயே நடந்தது. சொந்த மாநிலத்தில் திருவிழா, அதில் பிளூமிங்டன் அணிக்கு அழைப்பில்லை. அந்த வாரமே மில்லரை அனுப்பினார்கள். ஒப்பந்தத்தை முறிக்க ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவு. அடுத்து நைட்டின் பழைய மாணவர் மைக் வுட்சன், 2025 வரை. அதன் பின் டேரியன் டிவ்ரீஸ். நைட்டுக்குப் பின் 25 ஆண்டுகளில், இடைக்காலப் பொறுப்பாளரைச் சேர்க்காமல், ஆறு பயிற்சியாளர்கள். 2002க்குப் பிறகு 2025 வரை அணி கடைசிப் பதினாறைத் தாண்டியதே இல்லை.

வடக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் பர்டூ. அங்கே 1980இல் ஜீன் கீடி பயிற்சியாளரானார். 25 ஆண்டுகள் இருந்தார். பிக் டென் பட்டம் ஆறு முறை, ஃபைனல் ஃபோர் ஒருமுறைகூட இல்லை. கீடியிடம் ஆடிய பழைய மாணவர் மேட் பெயிண்டரை ஓராண்டு முன்னதாகவே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, 2005இல் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பெயிண்டரின் முதல் பருவம் 9 வெற்றி, 19 தோல்வி. 2014இல் பிக் டென்னில் கடைசி இடம். அப்போதும் அவரை அனுப்பவில்லை. 2015 முதல் 2025 வரை, நடந்த எல்லாத் தேசியப் போட்டிகளிலும் பர்டூ இருந்தது.

ஆனால் மார்ச் மாதத் தோல்விகள் கொடுமையானவை. 2021இல் 13ஆம் எண் நார்த் டெக்ஸஸிடம். 2022இல் 15ஆம் எண் செயின்ட் பீட்டர்ஸிடம். 2023இல், கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன, 16ஆம் எண் ஃபேர்லி டிக்கின்சனிடம். ஆண்கள் போட்டி வரலாற்றில் 16ஆம் எண் அணி முதல் எண் அணியை வீழ்த்தியது அது இரண்டாவது முறை. என் மின்னஞ்சலில் இந்த மூன்றையும் வரிசையாகக் குறிப்பிட்டு, 'இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?' என்று கேட்டிருந்தேன்.

நான் எழுதாமல் விட்டது இதை: அந்தத் தோல்விக்கு முன் அந்தப் பருவத்தில் பர்டூ 29 ஆட்டங்களை வென்றிருந்தது, ஐந்தில் மட்டுமே தோற்றிருந்தது. பிக் டென் பட்டமும் அதன் கோப்பையும் அவர்களிடம்தான். மூன்று ஆட்டங்களை எண்ணிய நான் மற்றதை எண்ணவில்லை. பல்கலைக்கழகம் எண்ணியது. பெயிண்டர் இருந்தார். ஏழடி நான்கு அங்குல உயரமுள்ள கனடாக்காரர் ஜாக் ஈடியும் தொழில்முறை அணிக்குப் போகாமல் நான்காம் ஆண்டும் படிக்க வந்தார். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரிகள் அதிகம் சீந்தாத பையன் அவர். 2024 மார்ச்சில் டென்னசியை 72-66 என்று வென்று, பர்டூ 1980க்குப் பிறகு முதல்முறையாக ஃபைனல் ஃபோருக்குப் போனது. அன்று ஈடி தனியாக 40 புள்ளிகள். இறுதி ஆட்டத்தில் கனெடிகட்டிடம் 75-60 என்று தோற்றார்கள். தோற்றாலும், 1969க்குப் பிறகு பர்டூ ஆண்கள் ஆடிய முதல் இறுதி ஆட்டம் அது.

பொறுமை மட்டும் போதுமா?

இதைப் படித்துவிட்டு, 'யாரையும் மாற்றாமல் இருந்தால் கோப்பை வரும்' என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பட்லர் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். இண்டியானாபொலிஸ் நகரில் உள்ள சின்னக் கல்லூரி. அங்கே 2000 முதல் 2007 வரை பாரி காலியர், தாட் மாட்டா, டாட் லிக்லைட்டர், பிராட் ஸ்டீவன்ஸ் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. ஆனால் காலியருக்குப் பின் வந்த மூவருமே துணைப் பயிற்சியாளராக அங்கேயே பழகியவர்கள். ஆள் மாறினாலும் ஆடும் முறை மாறவில்லை. ஸ்டீவன்ஸ் மருந்து நிறுவன வேலையை விட்டுவிட்டு வந்து, முப்பது வயதில் தலைமைப் பொறுப்பேற்றவர். 2010லும் 2011லும் அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். 2010 இறுதி ஆட்டம் நடந்தது சொந்த ஊரிலேயே. டியூக்கிடம் 61-59. கடைசி நொடியில் மைதானத்தின் பாதியிலிருந்து கார்டன் ஹேவர்ட் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் பட்லர் சாம்பியன்! அதே லிக்லைட்டர் பட்லரை விட்டு அயோவா போய் மூன்று ஆண்டுகள் தடுமாறினார். வேறு மண்ணுக்குப் போனதும் அவரது வித்தை பலிக்கவில்லை.

தேவைப்பட்டது மாற்றமா, மாறாமையா என்பதைவிட, அடுத்து வருபவர் எதன்மேல் நின்று கட்டப் போகிறார் என்பதே முக்கியமாகப் படுகிறது. பர்டூவில் ஆசானிடமிருந்து மாணவருக்கு. பட்லரில் தலைவரிடமிருந்து உதவியாளருக்கு. பிளூமிங்டனில் பெரும்பாலும் ஒவ்வொருவரும் முந்தையவரின் வீட்டை இடித்துவிட்டு அஸ்திவாரத்திலிருந்து தொடங்கினார்கள். ஒரு மாணவர் சேர்ந்து பழகி, முழுப் பலனைத் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் தலைவர் மாறினால், விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர் ஆகிவிடுகிறார்கள். பாராட்டும் பழியும் தவறான விலாசத்துக்குப் போகின்றன.

இந்தக் கணக்கும் இப்போது மாறி வருகிறது. 2021 முதல் மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமலேயே வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம். தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். முன்பெல்லாம் பயிற்சியாளர் போனால் வயலாவது மிஞ்சும். இப்போது பயிரையும் வேரோடு எடுத்துக்கொண்டு போகலாம். 2024இல் இண்டியானா ஸ்டேட் 32 ஆட்டங்களை வென்றது. தேசியப் போட்டிக்கு அழைப்பில்லை. இரண்டாம் நிலைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் 79-77 என்று தோற்றது. சில நாட்களில் பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அணியின் நட்சத்திரம் ராபி அவிலாவும் பின்னாலேயே போனார். டெரி ஹோட்காரர்களுக்குக் கையில் கிடைத்தது நினைவுகள்தான். மறுபக்கம், 2025இல் பிளூமிங்டன் வந்த டிவ்ரீஸ், ஏறக்குறைய முழு அணியையும் புதிதாகவே சேர்த்துக்கொண்டு தொடங்கினார். அவர் மகனும் அதில் ஒருவர். இனி விதைப்பும் அறுப்பும் ஒரே பருவத்தில் முடிந்துவிடலாம். அப்படியானால் பொறுமைக்கு இன்னும் குறைவான இடம்தான்.

மேல் வரிசையிலிருந்து

2025 மார்ச் 28. இண்டியானாபொலிஸ் லூகஸ் ஆயில் அரங்கின் மேல் வரிசையில் நானும் மகனும். கடைசிப் பதினாறு சுற்று, பர்டூவும் ஹூஸ்டனும். 60-60 என்று சமமாக இருந்தபோது, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மிச்சமிருக்கையில் ஹூஸ்டன் பந்தைக் கூடையில் போட்டது. 62-60. ஹூஸ்டனின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 2008இல் பிளூமிங்டனை விட்டு வெளியேறிய அதே கெல்வின் சாம்ப்சன். 2014 முதல் ஹூஸ்டனில் பொறுமையாகக் கட்டிய அணியோடு அந்த ஆண்டு இறுதி ஆட்டம் வரை போய், ஃபிளோரிடாவிடம் 65-63 என்று தோற்றார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. மகன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் ஒருவர், கடைசி நொடியில் தடுப்பாட்டத்தைத் தவறாக வகுத்த பயிற்சியாளரை வசைபாடிக்கொண்டிருந்தார். என் பழைய மின்னஞ்சலின் வாசனை அதில் அடித்தது.

காரில் வரும்போது மகன் கேட்டான்: "அப்பா, இந்தத் தடவை அவரைத் தூக்கணும்னு சொல்ல மாட்டீங்களா?"

"முதல்ல இந்த வருஷம் மொத்தம் எத்தனை ஆட்டம் ஜெயிச்சாங்கன்னு எண்ணிச் சொல்லு" என்றேன். வீடு வந்து சேரும்வரை எண்ணிக்கொண்டே வந்தான்.